ஏழு தீக்குச்சி தூரம்

போன மாதம் ரமேஷ் பெங்களூரிலிருந்து போன் செய்தான். விருதுநகரில் என்னோடு ஏழு வருடம் குப்பை கொட்டியவன். இன்றைக்கு அவனுக்குக் கீழே ஒரு மாடி நிறைய ஆட்கள். நலம் விசாரித்துவிட்டு, "அண்ணே, ஒரு உதவி" என்றான். பென்ஷன்காரனிடம் உதவி என்று எவன் கேட்டாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும்.

"நாங்க புதுசா ஒரு எடிட்டர் பண்றோம்ணே. விளையாட்டைக் கட்டுறவுக, அதுல ஆடுற கேரக்டரைத் தேடி எடுக்கறதுக்குள்ள அலுத்துப் போறாக. அதைச் சுலபமாக்கணும். நம்ம பட்டறையில நீங்க பண்ணீகளே, ஒரே ஷீட்ல எல்லாத் தலையும் தெரியுற மாதிரி. அது எப்படித் தோணுச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. புதுசா வந்த பிள்ளைக படிக்கட்டும்."

நீங்க பண்ணீகளே. அந்த ஒரு வார்த்தை மூன்று நாள் என்னைச் சாப்பிட விடவில்லை. எழுதுகிறேன் ரமேஷ். ஆனால் நீ கேட்டதை மட்டும் எழுத முடியாது.

என் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்லாங்கிணற்றில் அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் லேபிள் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தேன். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள்களை ரகவாரியாக அடுக்குகிற வேலை. குடோனில் ஒரு சட்டம் உண்டு. நன்றாக ஓடுகிற லேபிள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டில், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். சுமாராக ஓடுவது ஏணி போட்டு எடுக்கிற மேல் தட்டுக்குப் போகும். மூன்று மாதம் யாருமே கேட்காதது வெட்டு மெஷினுக்கு. ஆறு வருடம் இதைச் செய்தேன். பிறகு லேபிள் ஒட்டு வேலை, படத்தைத் தொட்டுத் திருத்துகிற வேலை. நாற்பது வயதில் மவுஸைப் பிடித்தேன். அதற்குள் அந்தத் தட்டுச் சட்டம் என் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

அச்சக முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். இரண்டாயிரமாவது ஆண்டு தாண்டிய புதிதில் அவர் விருதுநகரில் தன் கிளை அச்சகத்து மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டு, பள்ளிக்கூடங்களுக்கான சி.டி. தயாரிக்க ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் "அண்ணாச்சிக்கு வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிறதே வேலையாப் போச்சு" என்றார்கள். அவர் சட்டை செய்யவில்லை. படம் தெரிந்த ஆள் என்று என்னை அங்கே அனுப்பினார். ரமேஷ் புரோகிராம் எழுதுவான். நான் திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வேன். அப்படிச் செய்ததுதான் 'விளையாட்டுப் பட்டறை'. அது விளையாட்டு அல்ல, விளையாட்டைக் கட்டுகிற எடிட்டர். ஒரு வாத்தியாரோ போர்மேனோ புரோகிராம் ஏதும் தெரியாமலே படங்களை எடுத்து வைத்து, சின்னதாக ஒரு விளையாட்டைக் கட்டிக்கொள்ளலாம். ஆடுகிறவர் திரையில் எந்த உருவமாக நடமாடுவாரோ, அதை நாங்கள் 'ஆள்' என்போம்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. ஆனால் அவர் வைத்த சோதனையைப் போல ஒரு சோதனையை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு வேலை முடிந்தது என்று சொன்னால், "அப்படியா" என்பார். கீழே போய், வெளியாள் ஒருவரைக் கையோடு கூட்டி வருவார். லாரியில் லோடு ஏற்றுகிறவர், அச்சக மெஷின்மேன், யாராவது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "இந்த வேலையைச் செய்யுங்க பாப்போம்" என்பார். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சுட்டிக் காட்டக் கூடாது. இருமக்கூடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்க வேண்டும். அண்ணாச்சி ஒரு தீப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவார். மவுஸ் ஒரு தடவை 'டக்' என்றால் ஒரு குச்சியை எடுத்து மேஜையில் வைப்பார். முடிந்ததும் குச்சிகளை வரிசையாக அடுக்கி, என்னைப் பார்ப்பார். திட்ட மாட்டார்.

"எத்தன குச்சி பாண்டி?"

"ஒன்பது அண்ணாச்சி."

"ம். ஒரு பீடி பத்த வைக்க எத்தன குச்சி வேணும்?"

"ஒண்ணு அண்ணாச்சி."

அவ்வளவுதான். எழுந்து போய்விடுவார். அந்த 'ம்' ஒரு வாரத்துக்குத் தாங்கும். குச்சிக் கணக்குச் சொல்ல நிற்கிற என்னைத் தவிர, படம் வரைந்தவரோ புரோகிராம் எழுதியவரோ சோதனை நடக்கிற அறையில் இருக்கக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான். "பெத்தவ பக்கத்துல நின்னா பிள்ளைக்கு ஊட்டி விட்டுருவா" என்பார். அந்தச் சட்டங்கள் நல்ல சட்டங்கள். பின்னால் நான் அவற்றுக்குள் ஒளிந்துகொண்டேன், அது அவற்றின் குற்றமல்ல.

பட்டறை நாலைந்து பள்ளிக்கூடத்துக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையிலிருந்து ஆர்டர் வந்தது. தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், சொற்பொழிவு எடுபடவில்லை, விளையாட்டாகச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் எடிட்டரில் அவர்களுடைய செட்டு என்கிற வேலைக் கொட்டகை, பெட்டி, தட்டு, வாசல் எல்லாவற்றையும் படமாகச் சேர்த்துக் கொடுத்தால், போர்மேன் தனக்கு வேண்டிய அறையை அமைத்து, ஓர் ஆளை எடுத்து நிறுத்துவார். தொழிலாளி உட்கார்ந்து அந்த ஆளை நடத்துவார். தப்பு செய்தால் திரையில் வெடிக்கும்.

தொழிற்சாலை ஆட்களை வரைவதற்குத்தான் செல்வி வந்தாள். தாயில்பட்டிக்காரி. அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். முன்பு பட்டாசு வேலைக்குப் போனவள். மருந்து வைத்த தட்டைத் தரையோடு இழுத்ததில் உரசி நெருப்புப் பிடித்து, வலது கையில் இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இடது கையால் வரையப் பழகினாள். கோலத்துக்குப் புள்ளி வைத்துத்தான் பழகினேன் என்பாள். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. ஆள் நிற்கிற நிலையை வைத்தே அவர் காலையிலிருந்து நின்ற ஆளா, இப்போதுதான் வந்த ஆளா என்று தெரிந்துவிடும்.

மொத்தம் இருபத்து நாலு ஆள் வரைந்தாள். அதில் பத்து பெண்கள். ஒன்றைக் காட்டி, "இது எங்க அக்காண்ணே, குருவம்மா" என்றாள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, நீலக் கட்டம் போட்டது, முழங்கை வரை மடித்து விட்டிருந்தது. கொண்டையை இறுக்கி முடிந்து, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மூக்குத்தியில் கல் இல்லை, வெறும் ஓட்டை.

"கல்லை வரைய மறந்துட்டியா?"

"கல்லு விழுந்து மூணு வருசமாச்சு. அவளே மாட்டல, நான் எதுக்கு மாட்டணும்?"

அக்கா இன்னும் அதே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள், நான் சொன்ன அந்தத் தொழிற்சாலைக்குத்தான். செல்விக்கு இந்த வேலையில் இருந்த ஒரே குறி அதுதான் என்பதை அவளே ஒரு நாள் வெளிப்படையாகச் சொன்னாள்.

"தட்டைத் தூக்கணும்னா ரெண்டு பேரு வேணும்ணே. இன்னொருத்தி வர்ற வரைக்கும் காத்திருந்தா எண்ணிக்கை குறையும். அதனால இழுத்துருவா. என் கையைப் பாத்துக்கிட்டேதான் இழுக்கா. 'உனக்கு நேரம் சரியில்ல, எனக்கு இருவது வருசப் பழக்கம்'ங்கா. சொன்னாக் கேக்கவே மாட்டா. அவளே இழுத்து, அவளே வெடிச்சு, அவளே கீழ விழுறத ஒரு தடவ பாத்துட்டான்னு வைங்க, கேப்பா. அதுக்குத்தான் அச்சு அசலா அவளாவே வரைஞ்சிருக்கேன்."

நான் தலையை ஆட்டினேன். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னதாக நினைவு.

அப்போது எடிட்டரில் ஓர் ஆளை எடுக்க ஐந்து குச்சி ஆகும். மெனுவைத் திறக்க வேண்டும், அதில் பொருட்கள், அதற்குள் படங்கள், அதற்குள் உருவங்கள், கடைசியில் ஒரு பெயர். அந்தப் பெயரும் லேபிள் குடோனில் வைப்பதைப் போல எண்ணாக இருக்கும். அண்ணாச்சி ஐந்து குச்சியை அடுக்கிவிட்டு 'ம்' என்றார். ஆளை எடுப்பதைச் சுலபமாக்க வேண்டும் என்ற வேலை என் தலையில் விழுந்தது.

நான் என்ன செய்தேன்? குடோன்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். எந்த ஆள் அதிகம் ஓடுகிறது என்று பார்த்தேன். பதினைந்து நாள் சோதனை வைத்தோம். வந்தவர்கள் எந்த ஆளை எடுக்கிறார்கள் என்று ரமேஷின் புரோகிராம் தானாகக் குறித்துக்கொண்டது. அதிகம் எடுத்த ஆறு ஆட்களைத் திரையின் மேலே, கைக்கு எட்டுகிற தட்டில் வைத்ததைப் போல, படத்தோடு ஒரே வரிசையில் வைத்தேன். தொட்டால் போதும், ஒரே குச்சி. மீதிப் பதினெட்டு ஆளையும் 'மற்றவை' என்று கீழே ஒரு மூலையில் போட்டேன். அதைத் திறந்து, வகை தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கம் புரட்டி, ஆளைத் தொட்டு, சேர் என்று அமுக்கி வெளியே வர ஏழு குச்சி. மேல் தட்டுச் சரக்குக்கு ஏணி வேண்டும்தானே.

ஆறு பேரும் ஆண்கள். போர்மேன், மருந்து கலக்குகிறவர், லோடு ஏற்றுகிறவர், வேன் டிரைவர், காவல்காரர், மேஸ்திரி. எனக்கு அது கண்ணில் படவே இல்லை என்று சொன்னால் பொய். பட்டது. கணக்கு அப்படித்தான் வந்திருக்கிறது, நான் என்ன செய்ய என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைத்தான் யோசிக்கவில்லை. அண்ணாச்சிக்கு அச்சக வேலை முடிவது ஆறு மணிக்கு. அதனால் சோதனை ஆறு மணிக்கு. பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களைக் கம்பெனி வேன் ஐந்து மணிக்கே ஊருக்கு ஏற்றிப் போய்விடும். அந்த வேனைத் தினமும் எங்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வேன் கம்பி வழியே தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு போகும். வேன் போன பிறகு, அந்தப் பெண்களில் ஒருத்தியும் உட்காராத நாற்காலியில் ஆண்களை உட்கார வைத்து, பெண் ஆள் ஓடவில்லை என்று முடிவு செய்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு ஜன்னலே தெரியவில்லை.

செல்வி மறுநாள் அதைத் திறந்து பார்த்தாள்.  பிறகு அண்ணாச்சி மேஜையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து, என் முன்னால் ஒரு குச்சியை வைத்தாள். "இது போர்மேன்." கொஞ்சம் தள்ளி ஒவ்வொன்றாக ஏழு குச்சியை வைத்தாள். "இது எங்க அக்கா."

"அதான் சுலபமாயிருக்கே. முன்னாடி அஞ்சு இருந்துச்சுல்ல?" என்றேன்.

"முன்னாடி எல்லாருக்கும் அஞ்சுண்ணே. இப்ப ஆறு பேரு வாசல்ல நிக்காக. மத்தவுக கொல்லைக்கும் பின்னால போயிட்டாக. இதுல யாருக்குச் சுலபம்?"

"அதிகமா ஓடுறதுதான் முன்னாடி இருக்கணும் செல்வி. அதுதான் முறை."

"ஓடுறதுக்கு நீங்க ரோடே போடலையே."

எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவள் எனக்கு முறை சொல்கிறாள் என்ற கோபம். அவள் அதோடு விடவில்லை. மேஜையில் கிடந்த ஒரு லேபிள் தாளை எடுத்தாள். அச்சிலிருந்து வந்து இன்னும் வெட்டாத முழு ஷீட், ஒரே தாளில் இருபத்து நாலு லேபிள்.

"இத மாதிரி வைங்களேன். ஒரே ஷீட்ல எல்லாத் தலையும். முன்ன பின்னன்னு இல்லாம. தலையைப் பாத்தா அவுகவுக ஆளை அவுகவுக எடுத்துக்குவாக. எல்லாருக்கும் ஒரு குச்சிதான்."

அதைக் கேட்ட அந்த நிமிடமே அது சரி என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. புரியாமல் மறுத்திருந்தால் மடையன் என்று விட்டுவிடலாம். புரிந்தும் மறுத்தேன்.

"திரை பூரா தலையா இருந்தாக் கண்ணு கூசும். அடுத்த தடவை பாக்கலாம். நாளன்னைக்குப் பயிற்சி இருக்கு" என்றேன்.

அவள் எட்டுக் குச்சியையும் பெட்டிக்குள் திரும்பப் போட்டாள். "எங்க அக்கா அன்னைக்கு உக்காருவாண்ணே. நான் சொல்லி வச்சிருக்கேன். 'நீயே டி.வி.யில வருவ, வந்து பாரு'ன்னு ஆசை காட்டியிருக்கேன். அவள மட்டுமாவது முன்னாடி வைங்க."

"ஒரு ஆளுக்காக வரிசையை மாத்த முடியாதும்மா."

பயிற்சி நாளன்று இரண்டு கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிப் போனோம். மருந்து புழங்குகிற செட்டுகளுக்கு வெகு தள்ளி, கேண்டீன் கட்டிடத்தில் வைத்தோம். செல்வியை அழைத்துப் போகவில்லை. வரைந்தவர் வரக்கூடாது என்ற சட்டம்தான். தொழிற்சாலை மேலாளர் வந்து நின்றார். போர்மேன் அறையை அமைத்து, மேல் வரிசையில் ஓர் ஆளைத் தொட்டு நிறுத்திக் காட்டினார். "ஒரே கிளிக்கா, பிரமாதம் சார்" என்று மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணாச்சி ஒரே ஒரு தீக்குச்சியை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு 'ம்' இல்லை. தலையை லேசாக அசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு நான் பல வருடம் காத்திருந்தவன்.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் வந்தார்கள். முதலில் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீலக் கட்டச் சட்டை, முழங்கை வரை மடிப்பு, கல் இல்லாத மூக்குத்தி. ஆசையாகத்தான் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். போர்மேன் மவுஸை அவள் கையில் கொடுத்து, "மேல இருக்கிறதுல உனக்குப் பிடிச்ச ஆளத் தொடு" என்றார்.

அவள் திரையில் கண்ணை ஓட்டினாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"பூராம் ஆம்பளையாவுல்ல இருக்கு. நான் எங்கன இருக்கேன்? என் தங்கச்சி நான் இருக்கேன்னாளே."

போர்மேன் என்னைப் பார்த்தார். நான் அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் மவுஸைத் தொடுகிற தூரத்தில் நின்றேன். கையைப் பின்னால் கட்டியிருந்தேன். ஏழு தடவை அமுக்கினால் அவள் வந்துவிடுவாள். அரை நிமிடம் ஆகும். ஆனால் அண்ணாச்சி ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குச்சி வைப்பார். பிரமாதம் என்ற மேலாளர் முன்னால் ஏழு குச்சி வரிசையாகக் கிடக்கும். நான் கையை அவிழ்க்கவில்லை. சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குருவம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள். "போர்மேனே ஆடட்டும். எந்நேரமும் இழுக்காத இழுக்காதன்னு அவுகதான சொல்றாக. அவுகளே இழுத்துப் பாக்கட்டும்." பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அடுத்து உட்கார்ந்தவள் காவல்காரரை எடுத்துச் சும்மா அங்குமிங்கும் நடத்திவிட்டு எழுந்தாள். அதற்கப்புறம் அவர்கள் சாப்பாட்டுத் தூக்குவாளியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள்தான் ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள்.

திரும்பி வரும்போது வேனில் அண்ணாச்சி கேட்டார்.

"மொதல்ல உக்காந்த பொம்பள ஏன் எந்திரிச்சா?"

"மவுஸ் பழக்கம் இல்ல அண்ணாச்சி."

கூசாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் நாக்குக்குச் சுலபமாக வந்தது அதுதான். சாயந்திரம் செல்வி மாடிப்படியிலேயே காத்திருந்தாள். "அக்கா ஆடுனாளாண்ணே?" என்று கேட்டாள். "வந்தாங்க, பார்த்தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தீபாவளி சீசன் நெருங்கியது. எல்லா இடத்திலும் வேலை மும்முரமாக நடந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் செல்விக்கு போன் வந்தது. எடுத்துக் கேட்டவள் நின்ற வாக்கில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குருவம்மா தட்டை இழுத்திருக்கிறாள். வாசலோரத்தில் இருந்ததால் வெளியே விழுந்து உயிர் பிழைத்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோனது, கழுத்திலும் கொஞ்சம். நல்ல வேளையாகப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. தூக்குவதற்குத் துணைக்கு ஆள் இல்லாததால்தான் இழுத்தாள்.

என்னைத் தேற்றியவர்கள் உண்டு. அன்று ஆடியிருந்தால் மட்டும் இழுத்திருக்க மாட்டாளா, இருபது வருடப் பழக்கம் ஒரு விளையாட்டில் போய்விடுமா, எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கிற வரைக்கும் இழுக்கத்தான் செய்வார்கள் என்றார்கள். எல்லாம் உண்மை. ஒருவேளை ஆடியும் இழுத்திருப்பாள். ஆனால் அந்த 'ஒருவேளை'யை அவளுக்குக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சியிடம் போய் உண்மையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். மேஜை மேல் தீப்பெட்டி இருந்தது, அதைத் தொடவில்லை.

"எங்கிட்ட மவுஸ் பழக்கம் இல்லைன்ன."

"ஆமா அண்ணாச்சி."

"ஏழு குச்சி ஆயிருந்தா நான் உன்னைய என்ன செஞ்சிருப்பேன் பாண்டி? 'ம்'ன்னுருப்பேன். அம்புட்டுத்தானப்பா."

 மறு வாரத்திலிருந்து சோதனை நேரம் மத்தியானம் ஒரு மணிக்கு மாறியது. வேலைக்குப் போகிற பெண்களை வேன் வைத்துக் கூட்டி வரச் சொன்னார்.

செல்வி இருபது நாள் கழித்து வந்தாள். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இப்பவாவது மாத்துவோம்ணே" என்றாள். வெட்டாத லேபிள் ஷீட்டை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். இருபத்து நாலு தலை, ஒரே திரை, மற்றவை என்று ஒரு மூலையே இல்லை. எல்லோருக்கும் ஒரு குச்சி. ரமேஷ், உனக்கு நினைவிருக்கும், காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டோம். அரை நாள் வேலை. கண்ணும் கூசவில்லை. அது யாருடைய யோசனை என்று மட்டும் உனக்கு நான் சொல்லவில்லை.

அந்தத் திரை எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பள்ளிக்கூடங்களில் பாராட்டினார்கள். மதுரையிலிருந்து அதைப் பார்க்க வந்தவர்கள் "யாருடைய யோசனை" என்று கேட்டபோது அண்ணாச்சி ஊரில் இல்லை, செல்வி அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். நான் சும்மா சிரித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தியபோதும் அந்தத் திரையைச் சொல்லித்தான் பாராட்டினார்கள். ஆகவே ரமேஷ், உன் பிள்ளைகளிடம் போடச் சொல்ல வேண்டிய பெயர் செல்வி. என் பெயரைப் போட வேண்டிய இடம் வேறு, அதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பாய். ஆமாம், அதுதான்.

கடைசியாக ஒன்று. தைப் பொங்கல் கழிந்து, கம்பெனியில் இருந்த ஒரே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செல்வியோடு தாயில்பட்டிக்குப் போனேன். குருவம்மா எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா" என்றாள். கட்டுப் பிரித்திருந்தார்கள். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் மடங்கியிருந்தன. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித்தான் தண்ணீர் கொடுத்தாள்.

செல்வி லேப்டாப்பைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். தலைகள் எல்லாம் வந்தன. தேடவே இல்லை. பார்த்த மாத்திரத்தில் தாடையால் காட்டினாள்.

"இந்தா இருக்கேன். ஏடி, மூக்குத்திக் கல்லைக்கூட வைக்கலயே நீ."

தொட அவளால் முடியவில்லை. செல்வி தன் மூன்று விரல் கையால் அவளுக்காகத் தொட்டாள். நீலக் கட்டச் சட்டைக்காரி செட்டுக்குள் போனாள். "தட்டை என்னக்கா செய்யணும்?" என்று செல்வி கேட்டாள். "இழு" என்றாள் அவள், யோசிக்காமல். செல்வி இழுத்தாள். திரை வெள்ளையாகி, அந்தப் பொம்மை கீழே விழுந்தது. குருவம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு வேன் போகிற சத்தம் கேட்டு அடங்கியது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இவள அன்னைக்கு எங்கண்ணே வச்சிருந்தீக?"

"உள்ள இருந்தாம்மா" என்றேன்.

"உள்ளயா? நான் நல்லாத்தான தேடிப் பாத்தேன்."